அப்பாவின் காரை அப்படியே விற்றுவிடாதே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் பாட்டியாகிவிடுகிறேன். மகள் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறாளாம், அந்தப் புலம்பலைத் தனியாக எழுதுகிறேன்.

நீ கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அப்பா போய் எட்டு மாதமாகிறது, கார் சும்மா நிற்கிறது, தம்பிதான் காய்கறி வாங்க எடுத்துப் போகிறான், ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு "அய்யா எப்பவோ கையெழுத்துப் போட்டு வெச்ச ஃபார்ம் இருக்கே, தேதியை மட்டும் முன்னாடி போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்" என்றான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று கேட்டால் என் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் காரை விற்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அதிலும் ஒரு புரோக்கர்தான். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டான், வாங்குகிறவர் பெயர் எழுதும் இடம் காலி. காசு வந்தது, சாவி போனது, முடிந்தது என்று நினைத்தோம். பதினோரு மாதம் கழித்து என் போனில் அபராதச் சலான் வர ஆரம்பித்தது. முதலில் சீட் பெல்ட், அப்புறம் அதிவேகம், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, நான் ஜென்மத்தில் கால் வைக்காத ஊரில். வண்டி விவரம் பார்க்கிற அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் போய்ப் பார்த்தால் ஓனர் பெயர் இன்னும் நான்தான். அதைவிடப் பயந்தது அடுத்த வரியைப் பார்த்து: இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம்.

தெரிந்த வக்கீல் ஒருத்தரிடம் ஓடினேன். காசை யார் கொடுத்தார், வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையெல்லாம் சட்டம் பார்க்காதாம், ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயரோ அவர்தான் ஓனர். 2018-இல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2007-லேயே காரைக் கொடுத்துவிட்டேன் என்கிறார் ஒருவர், அது கைமாறிக் கைமாறி யாரிடமோ போய் 2009-இல் விபத்து, இழப்பீடு கட்ட வேண்டியது ஆர்சியில் பெயர் இருந்த அந்த முதல் ஆள் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

புரோக்கரைப் பிடித்தால் "நான் அப்பவே வேற ஆளுக்குக் குடுத்துட்டேனே" என்கிறான். நல்லவேளை, என் வீட்டுக்காரர் டெலிவரி நோட்டில் தேதி, மணி எல்லாம் போட்டு, எடுத்துப் போன ஆளின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வைத்திருந்தார். மனுஷர் எல்லாக் காகிதத்தையும் சேர்த்து வைப்பதை நான் கேலி செய்வேனே, அந்தக் காகிதத்தைப் பிடித்துத்தான் மூன்று கை தாண்டி இப்போது ஓட்டுகிறவரைக் கண்டுபிடித்தோம். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நானும் பேர் மாத்தத்தான் அலையறேன் மேடம், உங்க ஆர்சியில பேங்க் பேரு இருக்கு."

லோன் கட்டி முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. வங்கி கொடுத்த கடிதமும், கடன் பதிவை நீக்கக் கொடுக்கிற ஃபார்ம் 35-ம் பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. லோன் முடிந்தால் எச்பி, அதாவது ஆர்சியில் இருக்கிற அந்த வங்கிக் கடன் பதிவு, தானாகப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் ஆர்டிஓவில் கேன்சல் பண்ணினால்தான் போகும், அது போகாமல் பெயர் மாற்றம் நகராது. ஆக, நான் திட்டிக்கொண்டிருந்த ஆள்மேல் பாதித் தப்புதான், மீதி என் பீரோவில். அப்புறம் சலான் பாக்கியை அவர் முனகிக்கொண்டே கட்டினார், நான் எச்பி கேன்சல் பண்ணினேன், இரண்டு பேரும் சேர்ந்து போய் முடித்தோம்.

இப்போது உன் விஷயம். செத்துப்போனவர் கையெழுத்துக்கு முன்தேதி போடுவது மோசடி, அதில் பேச்சே வேண்டாம். அந்த ஃபார்ம்களைத் தேடி எடுத்து இன்றைக்கே கிழித்துப் போடு. நேர்வழி கொஞ்சம் நீளம்தான். முதலில் கார் வாரிசு பெயருக்கு வர வேண்டும், அதற்கு ஃபார்ம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது, இதெல்லாம் கேட்பார்கள். உங்கள் வீட்டில் அம்மா பெயருக்கு மாற்றுவதுதான் சண்டை வராத வழி என்று எனக்குத் தோன்றுகிறது, தம்பியின் மாமியார் வீட்டை நினைத்துச் சொல்கிறேன், கடிதத்தை அவனிடம் காட்டாதே. விதிப்படி 30 நாளில் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் கேட்டால் கட்டிவிட வேண்டியதுதான். (அவரவர் உயிரோடு இருக்கும்போதே ஆர்சியில் நாமினி பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-இல் விதி வந்திருக்கிறது. நான் போய்ச் சேர்க்கப் போகிறேன்.)

அம்மா பெயருக்கு வந்த பிறகு விற்பனை. ஃபார்ம் 29-இல் வாங்குகிறவர் பெயரை உன் கண் முன்னால் எழுதச் சொல்லு, காலி இடம் ஒன்றுகூட விடாதே. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரே மாநிலத்துக்குள் என்றால். வாங்கியவருக்கு 30 நாள். வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்றால் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்று ஆர்டிஓ தருகிற சான்று, அது ஃபார்ம் 28. டீலரிடம்தான் கொடுக்கப் போகிறாய் என்றால் அங்கீகாரம் உள்ளவரா என்று பார். 2023 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஆர்டிஓவுக்கு முறைப்படி தெரிவிக்க வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிற வம்பு அவர் பாடு. ஃபாஸ்டேகை மூட மறக்காதே, இல்லையென்றால் எவனோ டோல் தாண்ட அப்பா கணக்கில் காசு போகும். ஆர்சியில் உங்கள் பேங்க் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பார், நான் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பியிடமிருந்து சாவியை வாங்கு. பாலிசி அப்பா பெயரில்தானே இருந்தது? அவர் போன நாளிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும், அதற்குள்ளேயே பாலிசி காலம் முடிந்திருந்தால் அதுவும் இல்லை. எட்டு மாதமாக அவன் கத்தரிக்காய் வாங்கப் போய் வந்திருக்கிறான், ஒன்றும் ஆகாமல் இருந்தது உங்கள் அம்மா கும்பிடுகிற சாமி புண்ணியம்.

அந்தக் காரில்தான் உன் அப்பா நம் இரண்டு பேருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், கிளட்சை விடத் தெரியாமல் நான் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் அரை மணி நேரம் எஞ்சினை அணைத்து அணைத்து நின்றதும், அவர் ஒரு வார்த்தை திட்டாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததும். அடுத்த மாதம் வருகிறேன். விற்பதற்கு முன்னால் ஒரு ரவுண்டு நான் ஓட்ட வேண்டும். அம்மா பெயருக்கு இன்சூரன்ஸ் போட்ட பிறகு.

அன்புடன்,
வசந்தி