லேஸ் சால்வை கிட்டில் தவறான பேட்டர்ன்: புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஹாப்சாலு சால்வை கிட், பேட்டர்னில் உள்ள தவறுகள், வேறு லாட் (வேறு தடவை சாயம் போட்ட) நூல்.

ஐயா / அம்மா,

வணக்கம். செப்டம்பர் முதல் வாரத்தில் 4,850 ரூபாய் கட்டி உங்களிடம் ஹாப்சாலு சால்வை கிட் வாங்கினேன். 50 கிராம் லேஸ் நூல்கண்டு இரண்டு, ஒரு வட்ட ஊசி, பேட்டர்ன் புத்தகம். அந்தப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் தவறு இருக்கிறது. அதைச் சொல்லி இரண்டு முறை மெயில் அனுப்பினேன். "இது சவாலான டிசைன், நல்ல அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் வரும்" என்று இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. அந்தப் பதில் என் மனதை ரொம்பவே நோகடித்துவிட்டது.

நான் 31 வருடமாகப் பின்னுகிறேன். கடினம் என்று தெரிந்தே, ஆசைப்பட்டுத்தான் இதை வாங்கினேன். எஸ்தோனியாவின் மேற்குக் கரையில் உள்ள ஹாப்சாலு ஊருக்கு 19ஆம் நூற்றாண்டில் சேற்றுக் குளியல் வைத்தியத்துக்காக வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்த ஊர்ப் பெண்கள் பின்னி விற்ற சால்வை இது. மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் முழுச் சால்வையும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. அதன் மேல் மொட்டு மொட்டாக நிற்பதுதான் நுப். ஒரே கண்ணிக்குள் ஊசியை விட்டு ஏழு கண்ணி எடுக்க வேண்டும். திரும்பி வரும் வரிசையில் அந்த ஏழு கண்ணிகளையும் சேர்த்து ஒரே பர்லாக, அதாவது ஒரே பின்புறக் கண்ணியாகப் போட வேண்டும். எடுக்கும்போது தளர்வாக விடவில்லை என்றால் திரும்பும்போது ஊசி முனை நுழையவே நுழையாது. முதல் பத்து நுப் போடுவதற்குள் எனக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கை பழகினால் வந்துவிடும்.

ஆனால் 13ஆம் வரிசை கை பழகினாலும் வராது. ஊசியில் மொத்தம் 99 கண்ணி: பத்துக் கண்ணி டிசைன் ஒன்பது தடவை, நடுவில் சமன் செய்ய ஒன்று, இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு. லேஸில் ஓட்டை விழுவதற்காக நூலைச் சுற்றி எத்தனை கண்ணி கூட்டுகிறோமோ, அத்தனையைச் சேர்த்துப் பின்னிக் குறைக்க வேண்டும். உங்கள் சார்ட்டின் (கட்டம் கட்டமாகக் குறி போட்ட பேட்டர்ன் படத்தின்) 13ஆம் வரிசையில், ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் மூன்று கூட்டலும் இரண்டே இரண்டு குறைப்பும் அச்சாகியிருக்கின்றன. வரிசை முடியும்போது ஊசியில் 108 கண்ணி நிற்கிறது. முதல் தடவை என் தவறு என்றே நினைத்துப் பிரித்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே நினைத்தேன். மூன்றாம் தடவை பென்சிலை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்த பிறகுதான் உங்கள் சார்ட்டே தவறு என்று புரிந்தது.

மூன்று கண்ணியைச் சேர்த்துப் பின்னும் குறைப்பு ஒன்று, இரண்டைச் சேர்ப்பதாக அச்சாகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் இருக்கும் இரண்டு குறைப்பில் அது எது? வலது பக்கம் வைத்தால் பூவின் தண்டு ஒரு பக்கம் சாய்கிறது, இடது பக்கம் வைத்தால் மறுபக்கம் சாய்கிறது. இதை டிசைன் போட்டவர்தான் சொல்ல முடியும்.

அடுத்த தவறு நுப்பில். குறியீட்டு விளக்கத்தில் ஐந்து கண்ணி எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் 16ஆம் வரிசைக்கான குறிப்பு ஏழு கண்ணிகளைச் சேர்த்து பர்ல் போடச் சொல்கிறது. அப்படியே செய்தால் பக்கத்துக் கண்ணி இரண்டு நுப்புக்குள் போய்விடும். என் மாதிரித் துண்டில் மொட்டு கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

இந்த நூல் 100 கிராமுக்கு 1,400 மீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய கம்பளி நூலைப் பிரிப்பது சாதாரண வேலை இல்லை. இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், நுப் இருக்கும் இடம் முடிச்சுப் போலவே இறுகிவிடும். மூன்றாம் தடவை பிரிக்கும்போது இரண்டு இடத்தில் அறுந்தது, மீதியும் பிசிறு தட்டிப்போனது. அதனால் இன்னொரு நூல்கண்டு காசு கொடுத்து வாங்கினேன். வந்தது வேறு லாட். போனில் கேட்டதற்கு, "வெள்ளைதானே மேடம்" என்றார் உங்கள் ஊழியர். இரண்டையும் ஜன்னல் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பால் வெள்ளை, மற்றது பாலாடை நிறம். ஒரே சால்வையில் பாதியில் நிறம் மாறினால் யாருக்குமே கண்ணில் படும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு நவம்பரில் 80 வயது நிறைந்தது. அவருக்காகத்தான் இதைத் தொடங்கினேன். அன்றைக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். இந்த ஒரு சால்வைக்காகவே இரண்டு மாதமாக ராத்திரி உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கடினமான பேட்டர்ன் வேறு, தவறான பேட்டர்ன் வேறு. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அந்தச் சார்ட்டை வைத்து முதலிலிருந்து கடைசிவரை பின்னிப் பார்த்திருந்தால் 13ஆம் வரிசையிலேயே பிடித்திருப்பார். அதைச் செய்யாமல், வாங்கியவருக்கு அனுபவம் போதாது என்று எழுதுவது நியாயமில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி இந்த கிட்டை வாங்கினால், தனக்கு லேஸே வராது என்று நினைத்து ஊசியைத் தூக்கி வைத்துவிடுவாள்.

எனக்கு வேண்டியது இதுதான். டிசைன் போட்டவரே பார்த்துத் திருத்திய சார்ட்டை அனுப்புங்கள். ஒரே லாட்டில் இரண்டு நூல்கண்டு புதிதாகக் கொடுங்கள், அல்லது நான் கட்டிய முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், இதே கிட்டை வாங்கிய எல்லோருக்கும் திருத்தத்தை மெயிலில் அனுப்புங்கள். மின் வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்.

சால்வை இப்போது 12ஆம் வரிசையில், கண்ணி நழுவாமல் இருக்கக் கோத்த சிவப்பு நூலோடு ஊசியிலேயே இருக்கிறது. சரியான சார்ட்டும் நூலும் வந்தால் அன்றைக்கே மறுபடி தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, 13ஆம் வரிசையைக் குறித்த சார்ட் நகல், மாதிரித் துண்டு மற்றும் இரண்டு நூல்கண்டுகளின் புகைப்படங்கள்.