கொடைக்கானல்ல சூரியனையும் பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

சூரியன ஆராய இஸ்ரோ விட்ட ஆதித்யா எல்-1 சாட்டிலைட்ட பத்தி உங்க பேப்பர்ல பக்கம் பக்கமா போட்டீங்க, சந்தோஷம், ஆனா நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்த பத்தி ஒரு வரி கூட என் கண்ணுல படல, அதான் இந்த லெட்டர். 1870கள்ல வந்த தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் இருக்கா? மழை பொய்க்கிறதுக்கும் சூரியனுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குமான்னு அப்ப கிளம்புன கேள்விதான், கடைசில 1899ல மலை மேல ஆய்வகமா வந்து நின்னுச்சு. சோத்துக்கு வழியில்லாத காலத்துல பொறந்த விஞ்ஞானம் சார் இது!

1909ல ஜான் எவர்ஷெட்ங்கிற விஞ்ஞானி அங்க உக்காந்துதான் சூரியன் மேல கருப்பா தெரியிற சூரியப் புள்ளிகள்ல இருந்து வர்ற ஒளிய நிறமாலையா, அதாவது நிறம் நிறமா, பிரிச்சு பாத்தாரு, அதுல தெரியிற கருப்புக் கோடுங்க லேசா நகந்திருக்குறத வச்சு, புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு, இன்னிக்கும் உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னு தான் பேரு. அத விட பெருசு என்னன்னா 1904ல இருந்து அங்க எடுத்து சேத்து வச்ச சூரியன் போட்டோங்க. புள்ளிங்க கூடிக் குறையிற சுழற்சி ஒண்ணுக்கே சுமார் 11 வருஷம் ஆகும், அப்ப போட்டோ பதிஞ்ச நூறு வருஷத்து கண்ணாடித் தட்டு எவ்ளோ பெரிய சொத்துன்னு யோசிங்க. நேத்து விட்ட சாட்டிலைட்டுக்கு அது வருமா? (சாட்டிலைட்ட குறை சொல்லல, அதுவும் வேணும்.)

டூர் போறவங்க எல்லாம் தூண் பாறையோட திரும்பிடுறாங்க. ஞாயித்துக்கிழமை மலர்ல ஒரு பக்கம் ஒதுக்குங்க சார், அந்த பழைய போட்டோ நாலு போட்டு.

இப்படிக்கு,
பழைய வாசகன், திண்டுக்கல்