பிப்ரவரியில் ஊரில் ஆள் ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலையில் எங்கள் குக்கிராமம் ஒரு ஊராட்சியில் சேர்ந்தது. ஊராட்சி அலுவலகச் சுவரில் மக்கள்தொகை என்று எழுதியிருப்பது இன்றைக்கும் 2011 கணக்குதான். பெயிண்ட் உரிந்து கடைசி எண் 3-ஆ 8-ஆ என்றே தெரியாது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் நின்றது; இப்போது 2027 பிப்ரவரி என்கிறார்கள்.

சிக்கலே அந்த மாதத்தில்தான். தை பிறந்ததும் எங்கள் ஊர் பாதி, மிளகு பறிக்கக் கர்நாடகத்தின் குடகுக்கு வண்டி ஏறிவிடும். வீட்டில் கிழடு கட்டைகளும் ஆடும்தான். எண்ணும் நாட்கள் முழுக்க வெளியில் இருப்பவரை, இருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்களாம். அப்படியானால் எங்கள் ஆட்கள் கர்நாடகக் கணக்கில் போய்ச் சேர்வார்கள்.

இது சும்மா எண்ணிக்கை விஷயம் இல்லை. மத்திய அரசின் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான பணத்தைப் பிரித்ததே பெரும்பாலும் 2011 மக்கள்தொகையை வைத்துத்தான். தலை குறைந்தால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் குறையும். ஏற்கெனவே குழாயில் காற்றுதான் வருகிறது, அது வேறு கதை.

சேலம் மாவட்ட நிர்வாகம் பொங்கலுக்கு முன்பே மலை ஊர்களில் தண்டோரா போட்டு, வெளியூர் போகிறவர்கள் கணக்கெடுப்பு நாட்களில் ஓரிரு நாளாவது ஊர் வந்துபோக வழி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
காபித் தோட்டத் தொழிலாளி ஒருவர்,
ஏற்காடு வட்டம்.