ஹேசல் க்ரீக் போகும் முன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். அமெரிக்காவின் வட கரோலினா மலைக்குள், ஹேசல் க்ரீக் ஓடைக்கரையில் பழைய ப்ராக்டர் ஊர் இருந்த இடத்தைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? அதற்கான பழைய வரைபடங்கள் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் (யு.எஸ்.ஜி.எஸ்.) டோப்போவியூ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஊர்ப்பெயரை வைத்துத் தாளைத் தேடாதே. வரைபடத் தாளின் பரப்பை அட்சரேகை, தீர்க்கரேகை நிமிடங்களில் சொல்வார்கள் (60 நிமிடம் ஒரு பாகை). பழைய 30 நிமிடத் தாள் ஒன்றின் பரப்பு இன்று 7.5 நிமிடத் தாள்கள் பதினாறாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பெயரில் இருக்கிறது. தளத்தில் அந்த இடத்தின் மீதே சொடுக்கு.

தாளில் ஆண்டைப் பார்த்ததும் ஏமாந்துவிடாதே, கண்ணு. அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு மூன்றும் வேறு வேறு. 1900க்குப் பிறகு அச்சான தாளிலும் 1880களில் அளந்த நிலமே இருக்கக்கூடும். ப்ராக்டருக்கு இது முக்கியம். ரிட்டர் மரக் கம்பெனி அங்கே மரம் வெட்டியது 1910 முதல் 1928 வரைதான். 1944இல் ஃபோன்டானா அணை நிரம்பியதும் வெளியே போகும் சாலை மூழ்கிவிட்டது. ஆகவே 1880களில் அளந்த முதல் தாளிலும் கம்பெனியின் மர ஆலை இராது, அணைக்குப் பிந்தைய தாளிலும் இராது. 1930களில் டி.வி.ஏ. (அந்த அணையைக் கட்டிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) வான்படங்களிலிருந்து வரைந்த 1:24,000 அளவுத் தாளைத் தேடிப் பிடி. அதில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு கிடையாது. ஆனால் சாலையும் வீடும் இருக்கும்.

ஃபோன்டானா ஏரி நிறையும்போது நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,710 அடி. புதிய தாளை அந்த 1930களின் தாள்மேல் பொருத்தினால் எது மூழ்கியது என்று தெரியும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பொருத்தும்போது இரண்டு தாளிலும் உள்ள பொது இடங்களாகக் குறைந்தது ஆறு புள்ளியாவது எடு: கணவாய், மலையுச்சி, மேட்டில் ஓடைகள் கூடுமிடம். ஏரிக்கரையைத் தொடாதே, அந்தக் கரை முன்பு இல்லை. பழைய 30 நிமிடத் தாளை (1:125,000 அளவு) வைத்து அந்த 1,710 அடியைத் தேட முயலாதே. அதில் 1 மி.மீ. தரையில் 125 மீட்டர். சமவுயரக் கோடுகளோ 100 அடிக்கு ஒன்று, பலவும் கண்மதிப்பில் வரைந்தவை. ஓடைகளின் பெயருக்கு மட்டும் அதை நம்பலாம்.

பிந்தைய தாளில் ஊதா நிறத்தில் இருப்பவை வான்படம் பார்த்துச் சேர்த்தவை. நேரில் போய்ச் சரிபார்க்காதவை.

இன்றைய நடைபாதை பெரும்பாலும் மரக் கம்பெனியின் பழைய ரயில் தடத்தின் மேலேயே போகிறது. அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடு. பிறகு அடியிலுள்ள அளவுக்கோட்டை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டுப் பையில் வை.

அன்புடன்,
அப்பா