வழக்குக்காரரே நீதிபதிக்குத் தேர்தல் செலவு செய்தால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூத்த நீதிபதிகளே கூடி நீதிபதிகளைத் தேர்வு செய்யும் நம் கொலீஜியம் முறை பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், ‘அமெரிக்கா மாதிரி ஜட்ஜையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுத்தால் என்ன?’ என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு திருத்தம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தல் கிடையாது. அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஓட்டு எல்லாம் மாநில நீதிமன்றங்களில்தான், அதுவும் எல்லா மாநிலங்களிலும் இல்லை. அந்த ஓட்டு படுத்தும் பாட்டுக்கு வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் கதை ஒன்றே போதும்.

ஹியூ கேபர்ட்டன் என்ற சிறிய நிலக்கரி முதலாளி, மேஸி என்ற பெரிய நிலக்கரி நிறுவனம் மோசடி செய்து தன் தொழிலையே அழித்துவிட்டது என்று வழக்குப் போட்டு, 2002-இல் ஜூரியிடம் (வழக்கைக் கேட்டுத் தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு) ஜெயித்தார். நஷ்டஈடு 5 கோடி டாலர். மேஸி அப்பீல் போக வேண்டிய இடம் மாநில உச்ச நீதிமன்றம். அந்த அப்பீல் போய்ச் சேருவதற்குள், 2004-இல், அங்கே ஒரு நீதிபதி நாற்காலிக்குத் தேர்தல் வந்தது. மேஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் பதவியிலிருந்த நீதிபதி வாரன் மெக்ராவைத் தோற்கடிக்கச் சுமார் 30 லட்சம் டாலரை இறக்கினார். எதிர் வேட்பாளர் பிரென்ட் பெஞ்சமின் கையில் நேரடியாகக் கொடுத்தது, சட்டம் அனுமதித்த 1,000 டாலர் மட்டும்! மிச்சத்தில் பெரும்பகுதி, குழந்தைகளின் நலனுக்காக என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்புக்குப் போனது. டிவி விளம்பரங்களில் ஓடியதும் நிலக்கரி வழக்கு அல்ல, குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தவனை மெக்ரா வெளியே விட்டுவிட்டார் என்பதுதான். அதைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடப் போகிறவரை நாம் குறை சொல்ல முடியுமா?

பெஞ்சமின் ஜெயித்தார். அப்பீலும் வந்தது. விலகிக்கொள்ளுங்கள் என்று கேபர்ட்டன் கேட்டும் அவர் விலகவில்லை. 3-2 கணக்கில் 5 கோடி ரத்து, அந்த மூவரில் அவரும் ஒருவர். அவர் அந்த வழக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 5-4, மயிரிழையில்.

அதெல்லாம் பழைய கதை என்பவர்கள் விஸ்கான்சினைப் பார்க்கலாம். 2025-இல் அங்கே ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து கொட்டிய பணம் 10 கோடி டாலருக்கு மேல். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஈலான் மஸ்க் மேடையேறி வாக்காளர்கள் இருவருக்குத் தலா 10 லட்சம் டாலர் செக் கொடுத்தார் (நம் ஊர் கவர் எல்லாம் எம்மாத்திரம்). அவர் ஆதரித்தவர் தோற்றுவிட்டார், சரி. ஜெயித்தவர் பக்கமும் கோடீஸ்வரர்கள் இருந்தார்களே.

எதிர் வேட்பாளரே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். அயோவாவில் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் மூவரை, தொடரலாமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் 2010-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து அங்கே உட்காருகிற நீதிபதி சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா, காலண்டரைப் பார்ப்பாரா?

மூடிய அறைக்குள் நடக்கும் நம் கொலீஜியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அப்புறம் கேபர்ட்டன் வழக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். பெஞ்சமின் இல்லாமல் மாநில உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரித்தது. மறுபடியும் மேஸிக்கே சாதகம்! ஒப்பந்தப்படி வழக்கைப் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் போட்டிருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த 30 லட்சம் டாலரைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு அதை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்