வரப்போகும் வாடகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

வீட்டுக் கடன் தரும் வங்கிகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. அதில் என் மாமனார் கட்டிய வீட்டின் தளத்தில் இப்போது கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. அதை இடித்துவிட்டு, தலா 600 சதுர அடியில் நான்கு வீடுகள் கட்டி வாடகைக்கு விட நினைக்கிறோம். மதிப்பீடு 60 லட்சம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 15 லட்சம் எடுத்து வைத்திருக்கிறேன். மீதி 45 லட்சத்துக்குத்தான் கடன் கேட்டேன்.

எனக்கு 60 வயது, பென்ஷன் 28,000. கடன் 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள். 9% வட்டியில் பத்து வருடத் தவணை 57,000 வருகிறது. என் பென்ஷனைப் பார்த்ததும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நான்கு வீடுகளிலிருந்து வரப்போகும் வாடகை பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் தெருவில் இந்த அளவு வீட்டுக்கு மாதம் 15,000 கிடைக்கிறது. நான்குக்கும் 60,000. காலியாகக் கிடக்கும் மாதங்கள், வரி, வெள்ளையடிப்பு எல்லாவற்றுக்கும் 30% கழித்தாலும் 42,000 மிஞ்சும். கடனை 20 வருடத்துக்குத் தந்தால் தவணை சுமார் 40,500தான். என் மகள் கூட்டாகக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள். ஆனால் அவள் சம்பளத்தில் ஏற்கெனவே வேறு கடன் போகிறது என்று அதையும் ஏற்கவில்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மனையின் மதிப்பைச் சேர்க்காமல், கட்டடச் செலவை மட்டும் பார்த்தாலே நான் கேட்பது 75%தான்.

நீங்கள் மறுத்தால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குத்தான் போக வேண்டும். அவர் கட்டித் தருவார், பதிலுக்குப் பாதி வீடுகளையும் மனையில் பாதிப் பாகத்தையும் எடுத்துக்கொண்டு விற்றுவிடுவார். தலைமுறைக்கும் வாடகை தந்திருக்க வேண்டிய நிலம் அப்படிக் கைமாறிப்போகிறது. இன்னும் சிலர் குடிவருபவர்களிடம் லட்சக்கணக்கில் லீஸ் பணம் வாங்கிக் கட்டி முடிக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அதைத் திருப்பித் தர முடியாமல் தவிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

வாடகைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் பதிவான ஒப்பந்தங்களைப் பார்த்தே வாடகையை மதிப்பிடலாம். அப்புறம், குடிவருபவர் தரும் வாடகை நேராகக் கடன் கணக்குக்கே வரும்படி எழுதித் தரவும் நான் தயார்.

இன்னொன்றும் கேட்கிறேன். கட்டி முடித்து ஆள் குடிவர எப்படியும் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை வட்டி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தவணையை வாடகை வரத் தொடங்கிய பிறகு ஆரம்பியுங்கள்.

வரைபட அனுமதி கையில் இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்து மனுவை இன்னொரு முறை பாருங்கள்.

இப்படிக்கு,
நங்கநல்லூரிலிருந்து ஒரு வீட்டுக்காரர்