லாட் 212: நீங்கள் விற்றது வாக்கர் அல்ல, நீட்டப்பட்ட டிராகூன்

பெறுநர்:
மேலாளர், பழம்பொருள் ஆயுதப் பிரிவு,
ஏல நிறுவனம்

பொருள்: தவறான அடையாளச் சான்றிதழ், முழுப் பணத்தையும் திரும்பக் கோருதல்

ஐயா,

லாட் 212-ஐ ‘கோல்ட் வாக்கர், 1847, ராணுவ வழங்கல், எண்கள் எல்லாம் பொருந்துகின்றன’ என்று சான்றளித்து விற்றீர்கள். கைக்கு வந்த ரிவால்வர், வாக்கருக்கு அடுத்து கோல்ட் செய்த, அதைவிடச் சிறிய டிராகூனின் முதல் மாடல். பின்னாளில் யாரோ குழலை நீட்டி அதை வாக்கராக்கியிருக்கிறார்கள்.

முதலில் எண். குழலிலும் சட்டத்திலும் ‘இ கம்பெனி நம்பர் 187’ என்று பொறித்திருக்கிறது. ராணுவத்துக்குப் போன 1,000 வாக்கர்களில் ஏ, பி, சி, டி கம்பெனிகளுக்கு (படைப்பிரிவுகளுக்கு) தலா 220, இ கம்பெனிக்கு 120; ஒவ்வொன்றிலும் எண் 1-இலிருந்து தொடங்கும். அங்கே 187 எப்படி வரும்? இதைக் கண்டுபிடிக்க ரிவால்வரைக் கையில் எடுக்கவே வேண்டாம், உங்கள் கேட்லாக் படமே போதும்.

அடுத்து, குண்டு அறைகள் கொண்ட சுழல் உருளையான சிலிண்டர். குழலை நீட்டலாம், எழுத்தை மாற்றிப் பொறிக்கலாம். சிலிண்டரை நீளமாக்க முடியாது. வாக்கர் சிலிண்டர் 2 7/16 அங்குலம், ஏறத்தாழ 62 மி.மீ. இதில் வெர்னியர் அளவுகோல் காட்டுவது 55.6 மி.மீ., அதாவது டிராகூனின் 2 3/16 அங்குலம். வாக்கரின் ஓர் அறை 60 கிரெய்ன் (சுமார் 3.9 கிராம்) கருமருந்து கொள்ளும். அவ்வளவு மருந்தில் சிலிண்டர்கள் வெடித்த அனுபவத்தால்தான் கோல்ட் அடுத்த மாடலில் அறையைச் சுருக்கி 50 கிரெய்னுக்கு இறக்கினார்.

குழல் 9 அங்குலம் இருப்பது உண்மைதான். ஆனால் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தால் பின்முனையிலிருந்து 190 மி.மீ.-இல் ஒரு வளையக் கோடு தெரிகிறது. சுருள்பள்ளங்கள் அங்கே ஒன்றோடொன்று சேரவில்லை. டிராகூன் குழல் 7½ அங்குலம் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. குழலின் அடியில், டிராகூனின் லீவர் (குண்டை அறைக்குள் அழுத்தும் நெம்புகோல்) நுனியைப் பிடிக்கும் கொக்கி உட்கார்ந்திருந்த குழியைப் பற்றவைத்து அடைத்து அரம் போட்டிருக்கிறார்கள். சாய்வான வெளிச்சத்தில் அந்தத் திட்டு மட்டும் நிறம் மாறித் தெரியும். அந்தக் கொக்கிக்குப் பதில் லீவரைப் பிடிக்க வாக்கர் பாணி ஸ்பிரிங்கைப் புதிதாகப் பொருத்தியிருக்கிறார்கள். அசல் வாக்கரில் அந்த ஸ்பிரிங் சுடும் அதிர்ச்சியில் லீவரை நழுவவிடும் என்பது பெயர்பெற்ற குறை. போலி செய்தவர் குறையையும் நகலெடுத்தது பாராட்டத்தக்கது.

குழலையும் சிலிண்டரையும் கழற்றினால் மிச்சமும் வெளியாகும்: சிலிண்டர் சுழலும் அச்சுத்தண்டான ஆர்பரில் நான்கு இலக்க எண் அழியாமல் இருக்கிறது. கம்பெனி வரிசையில் எந்த வாக்கருக்கும் நான்கு இலக்கம் கிடையாது.

உங்கள் மதிப்பீட்டாளர் சான்றாகக் காட்டியவை மூன்று: பின்புறம் சதுரமான ட்ரிகர் கார்டு (விசைக் காப்பு வளையம்), சிலிண்டரை நிறுத்திப் பூட்டும் முட்டை வடிவப் பள்ளம், சிலிண்டர் மேல் செதுக்குக் கலைஞர் ஆர்ம்ஸ்பி செதுக்கிய டெக்சஸ் ரேஞ்சர்–கோமாஞ்சி பழங்குடியினர் சண்டைக் காட்சி. மூன்றுமே முதல் மாடல் டிராகூனிலும் உண்டு. வாக்கரையும் டிராகூனையும் பிரிக்கும் ஒன்றைக்கூட அவர் அளந்ததாகச் சான்றிதழில் இல்லை.

மாற்றப்படாத முதல் மாடல் டிராகூனே அரிதான பொருள். இதுவோ வெட்டி ஒட்டியதால் டிராகூனாகவும் முழு விலை போகாது. வாக்கர் விலையோ வேறு உலகம். 2018-இல் ஒன்று 18.4 லட்சம் டாலருக்குப் போனது.

ஏலத்தொகை, வாங்குபவர் கட்டணம், அனுப்பும் செலவு மூன்றையும் 21 நாளுக்குள் திருப்பித் தரவும். சான்றிதழை எழுத்துமூலம் ரத்து செய்து, இணையத்தில் உள்ள பழைய ஏல முடிவுகளிலும் லாட் 212-இன் விவரத்தைத் திருத்தவும். இல்லையென்றால் அடுத்த விற்பனையாளர் அதையே ஆதாரமாகக் காட்டுவார். அளவுப் படங்களும் குழல் உட்புறப் படங்களும் இணைப்பில். ரிவால்வர் கழற்றிய நிலையிலேயே இருக்கிறது. உங்கள் ஆள் வந்து அளந்து பார்க்கலாம், வெர்னியரோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லாட் 212-ஐ வாங்கியவர்